சாவி கொடுக்கும் கவுண்டர் மூடிய பிறகு: எல்ஜி, எசென்ஷியல் போன்களை வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

2021 டிசம்பர் 31 அன்று எல்ஜி நிறுவனம் ஓர் இணையச் சேவையை நிறுத்தியது. அன்றைக்குப் போன்கள் எதுவும் நின்றுபோகவில்லை. அழைப்பு போனது, கேமரா படம் எடுத்தது, அலாரம் அடித்தது. நின்றது ஒரு சின்ன வசதி மட்டும்: சில எல்ஜி மாடல்களின் பூட்லோடரை, அதாவது போன் ஆன் ஆகும்போது சிஸ்டத்தை ஏற்றும் நிரலை, திறக்கத் தேவையான கோப்பை, கேட்டவர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பும் வசதி.

ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் செய்த இரண்டு போன்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் சொந்தக்காரர் டிசம்பர் 30 அன்று விண்ணப்பித்துக் கோப்பை வாங்கிவிட்டார். மற்றவர் விடுமுறை முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். முன்னவர் தன் போனில் எந்தச் சிஸ்டம் ஓட வேண்டும் என்று இனித் தானே முடிவு செய்யலாம். பின்னவர் யாரிடம் போய்க் கேட்பார்? விற்றவர்கள் போன் தொழிலையே விட்டுப் போய்விட்டார்கள். மென்பொருள் ஆதரவு முடிந்த போனைச் சொந்தக்காரர் திறந்துகொள்ள முடிய வேண்டுமா என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

பூட்டு எங்கே இருக்கிறது

பவர் பொத்தானை அழுத்தியதும் முதலில் விழிப்பது சிப்புக்குள்ளேயே பதிந்திருக்கும் ஒரு குட்டி நிரல். தொழிற்சாலையை விட்டு வந்த பிறகு அதை யாராலும் மாற்ற முடியாது, செய்தவராலும்கூட. சிப்பில் நுண்ணிய ஃபியூஸ்களை எரித்து, தயாரிப்பாளரின் சாவிக்கான அடையாளத்தை அதில் பதித்திருப்பார்கள். அடுத்து ஓட வேண்டிய பூட்லோடரில் இருக்கும் கையொப்பம் அந்த அடையாளத்தோடு பொருந்துகிறதா என்று அந்தக் குட்டி நிரல் பார்க்கும். பொருந்தினால் பூட்லோடர் ஓடும். அது சிஸ்டத்தின் மையமான கெர்னலைச் சோதிக்கும், அப்புறம் சிஸ்டம் முழுவதையும். எங்காவது ஒரு கண்ணி பொருந்தவில்லை என்றால் போன் மேலே போகாது.

இந்தப் பூட்டுக்கு நான் எதிரி இல்லை. இரண்டு நாள் வேறு யார் கையிலோ இருந்துவிட்டு வரும் போனில், உள்ளே மாற்றி வைத்த சிஸ்டம் ஓடாமல் காப்பது இதுதான். ஷியோமி 2016 வாக்கில் பூட்டத் தொடங்கியபோதும் அதற்கு ஒரு காரணம் இருந்தது: இடையில் கைமாற்றி விற்பவர்கள் வேண்டாத மென்பொருளை ஏற்றிவிட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள்.

பூட்டைத் திறப்பது என்றால், "கையொப்பம் பொருந்தாவிட்டாலும் சரி, ஓட்டு" என்று சொந்தக்காரர் பூட்லோடரிடம் சொல்வது. சொன்ன கையோடு போனில் உள்ள படம், செய்தி, கணக்கு எல்லாம் அழிந்துவிடும். அது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. போனைத் தூக்கிக்கொண்டு போனவன் பூட்டைத் திறந்து உள்ளே இருப்பதைப் படித்துவிடக் கூடாது. அதன் பிறகு ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும், இந்தப் போனில் உள்ள மென்பொருளைச் சரிபார்க்க முடியவில்லை என்று ஒரு கருப்புத் திரை எச்சரிக்கும். சில நொடி நிற்கும், பிறகுதான் நகரும். ஆண்ட்ராய்டு இதற்கு நான்கு நிறம் வைத்திருக்கிறது. தயாரிப்பாளர் சாவியோடு பூட்டியிருந்தால் பச்சை. திறந்திருந்தால் ஆரஞ்சு. சோதனையில் தோற்றால் சிவப்பு. சொந்தக்காரர் தன் சாவியைப் பதித்து மறுபடி பூட்டியிருந்தால் மஞ்சள். இந்த மஞ்சளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

எல்ஜியின் வழி

2021 ஏப்ரல் 5 அன்று எல்ஜி போன் தொழிலை விட்டு வெளியேறுவதாக அறிவித்தது. ஆறு ஆண்டு நஷ்டம், மொத்தம் ஏறக்குறைய 450 கோடி டாலர். ஜூலை மாத இறுதிக்குள் கடையைக் கட்டுவது என்று முடிவு. உள்ளதைச் சொல்ல வேண்டும், ஓடிப்போகவில்லை. உயர்விலை மாடல்கள் சிலவற்றுக்கு, வாங்கிய ஆண்டிலிருந்து மூன்று ஆண்ட்ராய்டு பதிப்புகள் வரை தருவோம் என்றார்கள். அப்டேட் சர்வர்களையும் 2025 ஜூன் 30 வரை வைத்திருந்தார்கள். ஒரு நிறுவனம் ஓரளவு பொறுப்போடு வெளியேறினாலும் பூட்டு விஷயம் கைவிடப்படுகிறது என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது.

அந்தக் கோப்பை வாங்கும் விதம் இப்படி. முதலில் செட்டிங்ஸில் பில்ட் எண்ணை ஏழு முறை தட்டி டெவலப்பர் பகுதியை வரவழைக்க வேண்டும். அதில் பூட்டைத் திறக்க அனுமதிக்கும் ஓஈஎம் அன்லாக் என்ற சுவிட்சைப் போட வேண்டும். போனைக் கணினியில் செருகி, கணினியின் கட்டளைகளை ஏற்கும் ஃபாஸ்ட்பூட் நிலைக்குக் கொண்டுபோய், ஒரு கட்டளை தட்டினால் போன் தன் அடையாளத்தை நீளமான எழுத்தும் எண்ணுமாகத் துப்பும். வரிகளுக்கு இடையில் இடைவெளி விழாமல் அதை ஒட்டி எடுத்து, ஐஎம்இஐ எண்ணோடு சேர்த்து எல்ஜியின் டெவலப்பர் தளத்தில் போட வேண்டும். கொஞ்ச நேரத்தில் மின்னஞ்சலில் ஒரு சின்னக் கோப்பு வரும். அதைப் போனில் ஏற்றினால் பூட்டு திறக்கும்.

அந்தக் கோப்பு ஒரு போனுக்கு மட்டும்தான் பொருந்தும். போனின் அடையாளத்தின் மேல் எல்ஜி தன் ரகசியச் சாவியால் போட்ட கையொப்பம் அது. ரகசியச் சாவியை வைத்திருப்பவர் இருந்தால் கோப்பு வரும், இல்லாவிட்டால் வராது. அதுவும் எல்லாருக்கும் கிடைத்ததில்லை. ஐரோப்பாவில் விற்ற ஜி6 பட்டியலில் இருந்தது. தொலைபேசி நிறுவனங்கள் வழியாக விற்ற வகைகளில் பெரும்பாலானவை இல்லை. வெளியே பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும், ஒன்றுக்குத்தான் சாவி.

கவுண்டரை மூடுவதற்கு முன் எல்ஜிக்கு வேறு வழியே இல்லையா என்றால், இருந்தது. கோப்பு கேட்காமல் சுவிட்சையும் கட்டளையையும் மட்டும் ஏற்கும் பூட்லோடரைக் கடைசி அப்டேட்டோடு அனுப்பியிருக்கலாம். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பல போன்களில் பூட்டு அப்படித்தான் திறக்கிறது. செய்யவில்லை. பிறகு நடந்ததும் எதிர்பார்த்ததுதான். சில மாடல்களில், சிப்பின் அவசர நிலைக்குள் புகுந்து, எப்படியோ வெளியே கசிந்த பொறியாளர் பூட்லோடரை ஏற்றித் திறக்கும் முறைகள் பரவின. யார் ஏற்றியது என்றே தெரியாத கோப்புகளை நம்பி மக்கள் போனின் அடிவேரில் கை வைத்தார்கள். ஒரு பகுதியைத் தவறாக எழுதினால் போன் செங்கல்தான். கதவைப் பாதுகாப்புக்காகச் சாத்தினால், கூரையைப் பிரித்துக்கொண்டு இறங்குவார்கள்.

எசென்ஷியல் செய்தது

எல்ஜியின் அறிவிப்புக்கு ஒரு வருடம் முன்பு, 2020 பிப்ரவரி 12 அன்று, எசென்ஷியல் என்ற சின்ன நிறுவனம் மூடுவதாக அறிவித்தது. ஆண்ட்ராய்டை உருவாக்கியவர்களில் ஒருவரான ஆண்டி ரூபின் தொடங்கியது. வாழ்நாளில் ஒரே ஒரு போன்தான் விற்றது: 2017-இல் 699 டாலருக்கு வந்த, டைட்டானியம் சட்டமும் செராமிக் முதுகும் கொண்ட பிஎச்-1. பிப்ரவரி 3 அன்று வந்த பாதுகாப்பு அப்டேட்தான் கடைசி என்று அறிவிப்பிலேயே சொல்லிவிட்டார்கள்.

இந்தப் போனின் பூட்டு முதல் நாளிலிருந்தே யாருடைய கோப்பும் கேட்காமல் கட்டளைக்குத் திறந்தது. போகும்போது இன்னொன்றும் செய்தார்கள். கேமரா, மோடம், கிராஃபிக்ஸ் போன்றவற்றை இயக்கும் மூடிய டிரைவர்கள் அடங்கிய வெண்டார் இமேஜையும், மேற்கொண்டு வேலை செய்யத் தேவையான மற்றவற்றையும் கிட்ஹப் என்ற பொது நிரல் தளத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். ஆண்ட்ராய்டு 10-உடன் நிறுவனத்தின் வேலை முடிந்தது. ஆண்ட்ராய்டின் திறந்த நிரலை வைத்து லினேஜ் ஓஎஸ் என்ற மாற்றுச் சிஸ்டத்தைச் செய்யும் தன்னார்வலர்கள் அதே போனுக்கு ஆண்ட்ராய்டு 11-ஐயும் அதற்குப் பின் வந்தவற்றையும் கொண்டுவந்தார்கள்.

விற்பனையில் எல்ஜியின் கால் தூசுக்கு வராத போன் இது. கம்பெனி செத்தும் போன் பிழைத்தது. பணக்கார நிறுவனத்தால்தான் இப்படியெல்லாம் செய்ய முடியும் என்ற வாதம் இங்கேயே விழுந்துவிடுகிறது. ஒரே ஒரு போனோடு மூடியவர்கள்தான் செய்திருக்கிறார்கள். அதற்குக் காரணம், திறக்கும் வழியை மூடும் நாளில் யோசிக்காமல் விற்கும் நாளிலேயே வைத்திருந்தார்கள்.

சர்வர் தேவைப்படும் பூட்டு எப்படி முடியும் என்பதற்கு என் மேஜை இழுப்பறையிலும் ஒரு சாட்சி கிடக்கிறது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். திரையில் கீறல் இல்லை, பேட்டரி ஒரு நாள் தாங்குகிறது, கடைசி அப்டேட் வந்து பல வருடம் ஆகிறது. பூட்டைத் திறக்க அவர்களே கொடுத்த செயலியை இன்றும் திறக்கலாம். நிபந்தனைகளைக் காட்டுகிறது, ஒப்புக்கொள்கிறேன் என்று தட்டினால் பின் எண் கேட்கிறது, ஒரு வட்டம் சுற்றுகிறது, பிறகு "நெட்வொர்க் பிழை, சற்று நேரம் கழித்து முயலவும்". வைஃபை நன்றாகத்தான் இருக்கிறது. அந்தச் சற்று நேரம் இன்னும் முடியவில்லை.

அறிவிப்பு கொடுத்து மூடியவர்களும் உண்டு. பூட்டைத் திறக்கும் குறியீடுகளை இனித் தர மாட்டோம் என்று ஹுவாவே 2018 மே மாதம் சொன்னது. ஜூலை 24-க்குப் பிறகு நிறுத்தியது. அறுபது நாள் அவகாசம். போன் புதிதாக இருக்கும்போது அதைத் திறக்க நினைப்பவர் எத்தனை பேர்? மூன்று வருடம் கழித்துத்தான் அந்த எண்ணமே வரும், அப்போது அவகாசம் முடிந்து எவ்வளவோ காலம் ஆகியிருக்கும்.

பழைய போனுக்கு என்னதான் ஆகிறது

அப்டேட் நின்ற மறுநாள் எதுவும் ஆகாது. அதனால்தான் இதை யாரும் அவசரமாக நினைப்பதில்லை. கெடுவது மெல்லத்தான். ப்ளூடூத்தில், வைஃபையில், படங்களைத் திறக்கும் நிரலில் ஓட்டை கண்டுபிடிக்கப்படும், புதுப் போன்களில் அடைப்பார்கள், இதில் அடைக்க மாட்டார்கள். அப்புறம் செயலிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும்.

இன்னும் நுணுக்கமான ஒன்று சான்றிதழ்கள். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களில் பெரும்பங்கை இலவசமாகத் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பு, 2020 நவம்பரில் ஒரு சங்கடத்தைச் சொன்னது. அது சார்ந்திருந்த பழைய மூலச் சான்றிதழ் (மற்றச் சான்றிதழ்களை நம்பலாமா என்று பார்க்கப் போனிலேயே பதிந்திருப்பது) 2021 செப்டம்பர் 30-உடன் காலாவதி ஆகிறது. அதன் சொந்த மூலச் சான்றிதழ் ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தைய போன்களில் இல்லை. அன்றைக்கு அப்படிப்பட்ட போன்கள் மொத்த ஆண்ட்ராய்டு போன்களில் மூன்றில் ஒரு பங்கு. கடைசியில் ஆண்ட்ராய்டின் ஒரு வினோதமான பழக்கம் காப்பாற்றியது: மூலச் சான்றிதழின் காலாவதித் தேதியை அது பார்ப்பதில்லை. அதை வைத்து ஒரு சுற்றுவழி கட்டி 2024 வரை ஓட்டினார்கள். சுற்றுவழி இல்லாமல் நேராகத் தீர்க்கப் போன்காரர் செய்ய வேண்டியிருந்ததோ சில கிலோபைட் கோப்பு ஒன்றைச் சேர்ப்பது மட்டும்தான். பூட்டு திறந்திருந்தால் புதிய சிஸ்டத்தோடு அது தானே வந்துவிடும். பூட்டியிருந்தால், தன் சாதனத்தின் சிஸ்டத்தில் ஒரு சின்னக் கோப்பைச் சேர்க்கக்கூட அனுமதி கிடையாது.

ஃபேர்போன் 2 எதிர்த்திசையில் போன உதாரணம். 2015 இறுதியில் வந்தது. அதன் சிப்புக்கு ஆண்ட்ராய்டு 6-க்கு மேல், சிப்பைச் செய்த குவால்காம் கைகொடுக்கவில்லை. ஃபேர்போன் விடாமல் 7, 9, 10 என்று கொண்டுபோய், 2023 மார்ச்சில்தான் ஆதரவை முடித்தது. திறந்த பூட்டின் மேல் லினேஜ் ஓஎஸ் தன்னார்வலர்கள் செய்திருந்த வேலை அதற்கு உதவியது. பூட்டைத் திறந்துவிட்டதன் பலன் திரும்பி நிறுவனத்துக்கே வந்து சேர்ந்த கதை இது. தயாரிப்பாளர்கள் இதை ஏன் கண்டுகொள்வதில்லை என்று எனக்குப் புரியவில்லை.

எதிர்வாதங்கள்

திருட்டுதான் முதலில் வரும். திறக்க முடிந்தால் திருடனுக்கு வசதி என்பார்கள். ஆனால் அந்த ஓஈஎம் சுவிட்சைப் போட, திரைப்பூட்டைத் தாண்டி உள்ளே போக வேண்டும். வெளியிலிருந்து ரீசெட் செய்தால் பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கும். சொந்தக்காரர் உள்ளிருந்து அனுமதித்தால்தான் பூட்டு திறக்கும் என்றால் திருடனுக்கு அதில் ஒன்றும் இல்லை. சிக்னலைக் கையாளும் மோடத்தை மாற்றி அலைவரிசையைக் குழப்பிவிடுவார்கள் என்ற பயமும் அப்படித்தான். மோடத்தின் மென்பொருளுக்குத் தனிக் கையொப்பம் உண்டு, பூட்லோடரைத் திறந்தாலும் அது பூட்டியே இருக்கும்.

பாதுகாப்பு பற்றிய வாதம் கனமானது. ஆரஞ்சு நிலையில் இருக்கும் போனில் வேறொருவர் சிஸ்டத்தை மாற்றி வைத்தால் போன் கண்டுபிடிக்காது. இதை மழுப்பக் கூடாது. இதற்கு விடை மஞ்சள் நிலை. கூகுளின் பிக்சல் போன்களில் கிராஃபீன் ஓஎஸ் என்ற மாற்றுச் சிஸ்டத்தைப் போட்டவர்கள், அதன் சாவியைப் பதித்து மறுபடி பூட்டிக்கொள்கிறார்கள். சங்கிலி முழுவதும் திரும்பி வந்துவிடுகிறது, கடைசிச் சாவி மட்டும் வேறு. ஆனால் மறுபடி பூட்டும் வசதியை ஒழுங்காகத் தரும் தயாரிப்பாளர்கள் மிகச் சிலர். ஒரு கதவைச் சாத்திவைத்துவிட்டு, உள்ளே காற்று வரவில்லை என்று குறை சொல்வது மாதிரி இருக்கிறது இது.

உண்மையான வலி வங்கிச் செயலிகளில். அவை கூகுளின் பிளே இன்டக்ரிட்டி என்ற சோதனை வழியாகப் போனின் நிலையைக் கேட்கும். பூட்டு திறந்திருந்தால் பல செயலிகள் ஓடாது. ஐந்து வருடமாக ஒரு ஓட்டையும் அடைக்காத, ஆனால் பூட்டியிருக்கும் பழைய ஆண்ட்ராய்டு போன் அந்தச் சோதனையில் சாதனம் நம்பகமானது என்று தேறிவிடலாம். போன மாதப் பாதுகாப்பு அப்டேட்டோடு லினேஜ் ஓடும் அதே போன் தேறாது. சோதிப்பது பாதுகாப்பையா, கீழ்ப்படிதலையா?

சில நிறுவனங்கள் பூட்டைத் திறந்தால் தண்டனையும் வைத்திருந்தன. சோனி அதிகாரபூர்வமாகவே திறக்க வழி கொடுத்தது, பாராட்டலாம். ஆனால் பல எக்ஸ்பீரியா மாடல்களில் திறந்ததும் சில சாவிகள் அழிந்து, குறைந்த வெளிச்சத்தில் கேமராவின் தரம் இறங்கியது. சாம்சங்கில், மாற்று மென்பொருளை ஏற்றும்போது எரியும் நாக்ஸ் ஃபியூஸ் ஒருமுறை எரிந்தால் எரிந்ததுதான்; பழைய சிஸ்டத்துக்கே திரும்பினாலும் சில வசதிகள் வராது.

பூட்டு திறப்பதால் மட்டும் எல்லாம் ஆகிவிடாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மூடிய டிரைவர்கள் கிடைக்காவிட்டால் கேமரா வேலை செய்யாத போன்தான் மிஞ்சும். ஆண்ட்ராய்டுக்கு அடியில் இருக்கும் லினக்ஸ் கெர்னலின் உரிமம், ஜிபிஎல் என்ற திறந்த நிரல் உரிமத்தின் இரண்டாம் பதிப்பு. அதன்படி மூலநிரலைத் தயாரிப்பாளர் தர வேண்டும், ஆனால் மாற்றிய நிரலை அதே போனில் ஓட்ட விட வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. 2007-இல் வந்த மூன்றாம் பதிப்பு அந்த ஓட்டையை அடைக்கப் பார்த்தது. லினக்ஸ் அதற்கு மாறவில்லை. ஆக, சமையல் குறிப்பைக் கையில் கொடுத்துவிட்டு அடுப்படியைப் பூட்டிவைக்கலாம்.

எப்போது திறக்க வேண்டும்

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023/1670 விதி 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்தது. மாடலின் விற்பனை முடிந்து ஐந்து ஆண்டு வரை அப்டேட், ஏழு ஆண்டு வரை உதிரிபாகம் என்று பேசுகிறது. நல்ல விஷயம். ஆனால் ஐந்தாம் ஆண்டு முடிந்த பிறகு பூட்டை என்ன செய்வது என்பதற்கு அதில் பதில் இல்லை. எந்தச் சாதனத்திலும் எந்த மென்பொருளையும் நிறுவும் உரிமை வேண்டும் என்று ஐரோப்பியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2022-இல் திறந்த கடிதம் வெளியிட்டது. அந்தக் கோரிக்கை சட்டமாக இன்னும் தூரம் இருக்கிறது.

விற்ற நாள் முதல் எல்லாப் போனும் திறந்தே இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை, கேட்பவர்களோடு சண்டையும் இல்லை. என் கோரிக்கை சிறியது: தயாரிப்பாளர் தன் பொறுப்பை முடித்துக்கொள்ளும் அதே அப்டேட், பூட்டின் அதிகாரத்தைச் சொந்தக்காரருக்கு மாற்றித் தர வேண்டும். சர்வர், மின்னஞ்சல், காத்திருப்பு எதுவும் இல்லாமல், போனுக்குள்ளேயே முடிய வேண்டும். மறுபடி பூட்டும் வழியும் அதோடு வர வேண்டும்.

கடைசி அப்டேட் அனுப்பக்கூட ஆள் இல்லாமல் திடீரென்று திவாலானால்? அதற்கு எசென்ஷியலின் வழிதான், விற்கும்போதே சர்வர் இல்லாத சுவிட்ச். முடியாத காரியம் என்று சொல்ல முடியாது. ஐபோனை இறுகப் பூட்டும் ஆப்பிள், தன் எம்1 மேக் கணினிகளில் சொந்தக்காரர் விரும்பிய கெர்னலை ஓட்ட முறையான வழி வைத்திருக்கிறது. மேக்குக்காகச் செய்த அசாஹி லினக்ஸ் என்ற மாற்றுச் சிஸ்டம் அந்த வழியில்தான் ஓடுகிறது. ஐபோனிலோ 2019-இல் செக்எம்8 என்ற திருத்தவே முடியாத சிப் ஓட்டை வெளியான பிறகுதான், 2020-இல் ஐபோன் 7-இல் ஆண்ட்ராய்டை ஓட்டிக் காட்ட முடிந்தது. ஒரே வீட்டில் ஒரு பிள்ளைக்கு வாசல் வழி, இன்னொரு பிள்ளைக்குச் சுவர் இடிந்தால்தான் வழி.

சட்டம் வரும்வரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் போனின் அப்டேட் காலம் இன்னும் முடியவில்லை என்றால் இன்றைக்கே டெவலப்பர் பகுதியில் போய் அந்த ஓஈஎம் சுவிட்ச் இருக்கிறதா, மங்கலாக இருக்கிறதா என்று பாருங்கள். சில போன்களில் அந்தச் சுவிட்சே ஒருமுறை இணையத்தில் கேட்டுக்கொண்டுதான் உயிர்பெறும். நிறுவனத்திடம் கோப்போ குறியீடோ வாங்க வேண்டிய மாடலாக இருந்தால் இப்போதே வாங்கி, போனில் வைக்காமல் வேறெங்காவது பத்திரப்படுத்துங்கள். கோப்பை வாங்குவதால் போன் திறந்துவிடாது. ஏற்றும்போதுதான் திறக்கும், தரவும் அப்போதுதான் அழியும்.